அப்பா தாளித்த நோம்பி

கண்ணுகளா, போன வாரம் உங்கள் அம்மா கடுகு தாளித்த வாசத்தில், எங்கள் ஊர் மில் வாசலில் என் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடைக்கே போய்விட்டேன். கரி படிந்த சுவரும், தலையில் பஞ்சு ஒட்டியபடி ஷிப்டு முடிந்து வருகிறவர்களும், எண்ணெயில் கடுகு படபடக்கிற சத்தமும் அப்படியே இருந்தன. அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை. ஆனாலும் பூசிக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்காகத் திருநீற்றுத் தட்டைத் தினமும் அவரே நிரப்பி வைப்பார்.

மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டிவிட்டால், அது முடியும்வரை எங்கள் ஊரில் யாரும் தாளிக்கக் கூடாது. மில்லில் வேலை செய்த வெளியூர்க்காரர்களுக்காக அப்பா ஒரு வருஷம் தாளித்துவிட்டார். கோயில் தலைவர் ராமசாமி தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

"சாமி இல்லைங்கறவனுக்கு இந்த ஊர்ல அடுப்பு எதுக்குடா?"

"ஏனுங்க, கடுகு வெடிச்சா உங்க ஆத்தா பயந்துக்குவாளுங்களா?" என்று அப்பா சிரித்தார்.

ராமசாமி குடத்தை அடுப்பில் கவிழ்த்தார். மறுநாளிலிருந்து கடைக்கு யாரையும் வரவிடவில்லை. கடையை மூடிவிட்டுப் பெருந்துறைக்கு மூட்டை தூக்கப் போன அப்பா, அதற்குப் பிறகு அப்படிச் சிரிக்கவே இல்லை. கடை இருந்த இடத்தில் இன்று ராமசாமி மகனின் கார் நிற்கிறது.

சாமி கும்பிடுகிறவரையும் கும்பிடாதவரையும் மதிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தருகிற நான், ராமசாமியை மட்டும் மன்னிக்கவில்லை.

கடுகு வாசம் வந்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை உங்களிடம் சொல்லாமல் ஆனைமலைக்குப் போனேன். அநியாயம் பட்டவர்கள் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசி முறையிடுவார்கள். கை எரிய எரிய அரைத்தேன். ராமசாமி பேரைச் சத்தமாகச் சொல்லிப் பூசிவிட்டு வந்தேன்.