'சரி' சொல்லாத ஹசீனா டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஹசீனா டீச்சரின் மகன் போன் செய்தான். "சார், அம்மா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. மத்தியானம் அடக்கம்." நான் "சரி" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எந்தச் சொல்லை அறிவியல் ஆசிரியர்களான எங்கள் வாயிலிருந்து ஒழிக்க அவர் பாடுபட்டாரோ, அதையே அவருடைய சாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

நெய்வேலிப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்கள் வகுப்புகளைச் செல்போனில் பதிவு செய்து ஆசிரியர் அறையில் போடுவார். ஒருமுறை என் குரல். கனமான கல்தான் முதலில் விழும் என்கிறான் ஒரு பையன். நான் "சரி, அடுத்து?" என்கிறேன். கேட்டுக்கொண்டேன் என்ற அர்த்தத்தில் சொன்னது. வகுப்பே அதை விடையாக எழுதிக்கொண்டது.

"நம்ம சரி அவங்க காதுல ரைட்டுன்னு விழுது சார். அதோட யோசிக்கிறத நிறுத்திடுறாங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "சரி சொல்லாம எப்படி மேடம் பாடம் நடத்துறது?"

"ஏன்னு கேளுங்க. வாய் ஒண்ணும் வலிக்காது."

பிறகு ஒருநாள் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நிலத்தடி நீர் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நிலக்கரிச் சுரங்கத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பையன் எழுந்தான். "நல்லதுங்க மிஸ். எங்கப்பா ஷிப்டு பூரா பம்ப் ஓட்டிக்கினே இருக்காரு. தண்ணி ஊறுனா மைன்ஸ் முழுகிடும்." சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவி கிராமத்துப் பக்கத்திலிருந்து வரும் செல்வி பாய்ந்தாள். "என்னாடா நல்லது? எங்க வூட்டு போரு காஞ்சிக்கினு கெடக்குது!" சண்டையை நிறுத்த நான் எழப் போனேன். டீச்சர் சிரித்தபடி, "அப்படியா? ஏன்னு ரெண்டு பேரும் போர்டுல வரைஞ்சு காட்டுங்க" என்றார். இருவரும் பூமிக்கு அடியில் இருக்கும் அடுக்குகளை வரைந்து வரைந்து சண்டை போட்டார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

ஆனால் போர்ஷன் முடியவில்லை என்று பெற்றோர்கள் புகார் செய்தார்கள். அதனால் வரும் வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் எல்லா அறிவியல் வகுப்புகளுக்கும் இந்த முறை. பிடிக்காவிட்டால் மறுபடியும் நோட்ஸ் எழுதிப் போட வேண்டியதுதான். அந்த வகுப்பை டீச்சர் எடுப்பதாக இருந்தது. இப்போது நான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவருக்கு இயல்பாக வந்தது எனக்கு வராது. பதற்றத்தில் என் வாய் பழைய வழிக்கே ஓடும்.

நேற்று அவர் இல்லாத முதல் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் செல்வி எழுந்தாள். "டீச்சர்தான் இல்லியே சார், இனிமே நீங்க சரின்னு சொல்லிடுவீங்களா?"

"ஏன் கேக்குற?" என்றேன்.

"அப்ப சொல்ல மாட்டீங்க" என்று அவளே முடிவு கட்டி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை என்ன ஆகுமோ தெரியாது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு 'ஏன்'தான். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது மட்டும் உறுத்துகிறது. கேட்டுக்கொண்டேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், டீச்சர். சரி என்று சொல்லவில்லை.