மாமியார் கடலில் இறங்கினார்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு டிசம்பரில், பெங்களூரிலிருந்து நானும் மனைவியும் அந்தமான் போனோம். மாமியாரும் கூடவே வந்தார். பவளப்பாறை பார்ப்பதற்கென்றே நான் மல்லேஸ்வரத்தில் நீச்சல் கற்றிருந்தேன். அதைப் படகில் இருந்த எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன்.

நங்கூரம் போட்ட படகு ஆடத் தொடங்கியதும், காலையில் தின்ற பூரி கடலுக்குப் போனது. நான் பலகையில் சுருண்டு படுத்தேன்.

படகின் வழிகாட்டி தமிழர். "சாருக்கு முடியாது. வேற யாரு வரீங்க?" என்றார். மனைவிக்குத் தண்ணீரென்றால் பயம். மாமியார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் கண்ணாடிய எனக்கு மாட்டுப்பா."

"வாயில இந்தக் குழாய் இருக்கும்மா. அது வழியாத்தான் மூச்சு விடணும். பேச முடியாது."

"அதுதான் அம்மாவுக்குக் கஷ்டம்," என்றாள் மனைவி.

மிதவையைப் பிடித்தபடி இறங்கியவர், வெகுநேரம் தண்ணீரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஏறி வந்ததும் என்னருகே உட்கார்ந்தார்.

"மாப்ள, கீழ ஒரு ஊரே இருக்கு. இத்தனை பேர் நடுவுல போறேன், ஒருத்தரும் சமையல் ஆச்சான்னு கேக்கல."

மறுநாளும் அவர் போனார். நாங்கள் இருவரும் கரையில் இளநீர் குடித்துக்கொண்டு, அவருடைய துண்டோடு காத்திருந்தோம்.