தவிட்டுக்கு வாங்கியது யாரை?

அந்த ஆய்வுக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் தலைமை விஞ்ஞானி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். டி.என்.ஏ. ரேகை பார்ப்பதில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஜெல்லில் ஏணிப்படி மாதிரி விழுந்திருக்கும் கோடுகளைப் பார்த்ததும், யார் யாருக்குக் கூடப்பிறப்பு என்று பட்டென்று சொல்லிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் ஒரு முள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சின்ன வயதில் பெரியவள், அதாவது அவளுடைய அக்கா, ஆரம்பித்த கேலி, தலை நரைத்த பிறகும் ஓயவில்லை. வெளியே சிரிப்பாள், உள்ளே சுருக்கென்று தைக்கும். வீட்டில் யார் சாடையும் அவளுக்கு இல்லையே. கேட்கலாமென்றால் அம்மாவும் அப்பாவும் உயிரோடு இல்லை.

உடன்பிறந்தவர்களின் மரபணு ஒற்றுமையைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. விடுவாளா? பெரியவள், தம்பி, தான் என்று மூன்று பேர் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சுக்குச்சியால் ஒற்றிக் கொடுத்தாள்.

"பார்த்துட்டு அழக் கூடாது" என்றபடிதான் பெரியவள் வாயைத் திறந்தாள்.

முடிவு வந்தது. தம்பியின் கோடுகளோடு ஒரு வரிசை ஏறக்குறையப் பாதி ஒத்துப்போனது. இன்னொன்று ஒட்டவேயில்லை. கொடுமை என்னவென்றால், இரண்டு வரிசைக்கும் பெயர் "அக்கா". பெரியவளின் டியூபில் அப்படி எழுதியது இவள். இவளுடைய டியூபில் எழுதியது ஆராய்ச்சி மாணவி.

"உங்க பேரு அதானேக்கா" என்று மாணவி கையைப் பிசைந்தாள்.

"நல்லா இருக்கு போ" என்று இவளே முதலிலிருந்து மறுபடி செய்தாள். ஒட்டாதது பெரியவளின் வரிசை. முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. மறைப்பது அவள் வழக்கமில்லை, நேரே போனாள்.

பெரியவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "யாரைடி தவிட்டுக்கு வாங்கினது?"

"உன்னைத்தான்க்கா."

"தெரியும். நீ வயித்துல இருக்கறப்பவே அம்மா எங்கிட்ட சொல்லிட்டா. சொந்தப் பிள்ளை வந்தா என்னைத் தள்ளிடுவாங்களோன்னு பயம். அதான் உன்னைச் சொல்லி முந்திக்கிட்டேன். இப்ப நீயே பார்த்துக்கட்டும்னுதான் உன் பஞ்சுக்குச்சிக்கு வாயைத் திறந்தேன்." குரல் உடைந்தது. இஸ்திரிப் பெட்டி சட்டை மேல் அப்படியே நின்றுவிட்டது.

"டியூப்ல அக்கான்னு எழுதியாச்சு. நான் அழிக்க மாட்டேன்" என்றாள் இவள். "பெட்டியை எடு, சட்டை கருகுது."