இரண்டு பேருக்கும் ஒரே புத்தி

என் நாத்தனாருக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. போனில் பேசினாலும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டேதான் பேசுவாள். வேலையில் சோதனை நெருங்கிய அந்த மாதம் நடை இன்னும் கூடிப்போனது; பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. கேட்டை மூடு, திற என்று சொல்ல மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள் எழுதினார்கள். ஒன்று தப்பாகச் சொன்னாலும் மற்ற இரண்டு சொல்வதுதான் செல்லும். எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது என்பது விதி. ஒன்றை இவள் எழுதினாள், இன்னொன்றை இவள் வீட்டுக்காரர். மூன்றாவதை எழுதியவள் எதற்கெடுத்தாலும் மாற்றிப் பேசுகிறவள். ஆபீசில் அவளுக்குப் பேர் எதிர்க்கட்சி.

சாப்பிடும்போது அவர் வேலைப் பேச்சை எடுத்தால் போதும், இவள் எழுந்து போய் மிக்சியைப் போட்டுவிடுவாள். ஒரே பெஞ்சில் படித்துக் காதலித்தவர்கள். ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் முடிப்பார். பொருத்தம் என்றால் இதுதான் என்று நானே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சோதனை நாளில், கேட்டைக் கடந்துபோன ரயில் நின்று, பின்பக்கமாகத் திரும்பி வருவதாக வைத்துப் பார்த்தார்கள். எதிர்க்கட்சியின் புரோகிராம் மூடியே வை என்றது. மற்ற இரண்டும் திற என்றன. திரையில் கேட் திறந்துகொண்டது, ரயில் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கேட்டைத் தாண்டித்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பேசிக்கொள்ளாமலே எப்படி இருவரும் ஒரே தப்பைச் செய்தீர்கள் என்று அவளிடம் கத்தினேன்.

"போன ரயில் திரும்பி வரும்னு எனக்குத் தோணல அண்ணி, அவருக்கும் தோணல. இதைத் திருத்திடலாம். ஆனா அடுத்த தப்பையும் சேர்ந்துதான் பண்ணுவோம். நாங்க ரெண்டு பேர் இல்ல, ஒரு ஆள்தான்."

மறுநாள் அவரிடம் மூச்சுவிடாமல் மேலாளரிடம் போனாள். இரண்டு வருட உழைப்பு. தன்னுடையதை எடுத்துவிட்டு வேறு ஆளை எழுதச் சொல்லுங்கள் என்று அழுதாளாம்.

"இப்பதாம்மா உங்க வீட்டுக்காரர் வந்து இதையே சொல்லிட்டுப் போறார்," என்றாராம் மேலாளர்.

முதலில் கேட்டவர் என்று அவருடையதை நீக்கினார்கள். இவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் மனசு தாங்காமல் அதைப் பற்றி வாயைத் திறந்தால், இப்போது அவர் எழுந்து போய் மிக்சியைப் போடுகிறார்.