ஒரு மத்தியானத்துக்கு மண்டபம்

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை ஆண்டுதோறும் நடத்தும் இராப்போசன விழா எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். குத்துவிளக்கு, தேவாரம், பாடசாலைக் கீதம், கனடாக் கீதம், இறந்தவர்களுக்கு அகவணக்கம். அண்மைக் காலமாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இது முதற்குடிகளின் மண், இதில் வாழக் கிடைத்ததற்கு நன்றி என்று ஒருவர் ஆங்கிலத்தில் வாசிப்பார். வாகனத்தை வழிமறித்து நிறுத்தியவர் உடனே வந்து எடுக்கவும் என்று அறிவிப்பார்களே, அதே குரல்தான். அகவணக்கத்துக்கு எழுந்து நின்ற சனம் மறுபடி உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரின் சேலை எங்கே வாங்கியது என்று விசாரித்து முடிக்க அந்த வாசிப்பு அளவாகப் போதும்.

அந்த முதற்குடிகளில் ஒருத்தி எனக்குச் சிநேகிதி. பிறம்ரனில் ஒரு பாரவண்டிக் கொம்பனியில், சாரதிகளை வழியனுப்பும் அறையில், பக்கத்து மேசை அவளுடையது. சஸ்காச்சுவான் புல்வெளிப் பக்கத்தில் பிறந்த கிரீ இனத்துப் பெண். சாரதிகளைத் திட்டுவதில் அவளுக்கு நிகரானவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. என் மட்டன் றோல்ஸைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவாள். அடுத்த நாள் என் மேசையில் கேட்காமலே ஏதாவது இருக்கும், ஒரு சோடி காலுறையோ ஒரு போத்தல் ஜாமோ. அவள் பேசுவது ஆங்கிலம்தான். என் காதுக்குள் நுழையும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய தம்பி முந்தைய இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவில் இறந்துபோனான். அவர்கள் வழக்கப்படி ஆண்டு முடியும்போது உறவுகளைக் கூட்டிச் சமைக்கவேண்டும். இறந்தவனுக்கு முதல் தட்டு வைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, அந்த ஆண்டு முழுதும் சேர்த்த போர்வை, துவாய், தேயிலை எல்லாவற்றையும் வந்தவர்களுக்கே கொடுத்துத் தீர்க்கவேண்டும். அதைச் செய்தால்தான் அவனைத் தன்னால் விடமுடியும் என்றாள். ஊரிலிருந்து உறவுகள் வண்டி ஓட்டி வருவதாக இருந்தார்கள். அவள் இருந்ததோ அடுக்குமாடியில் ஒற்றை அறை வீடு.

"உங்கட ஆக்களிட்ட ஒரு ஹோல் இருக்கெல்லே? ஒரு மத்தியானத்துக்குத் தருவினமோ?" என்று கேட்டாள்.

"ஓம், அதுக்கென்ன" என்றேன். முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று செத்தவர்களுக்குச் சமைத்தே பழகிய சனம் நாங்கள். எங்களுக்கு விளங்காததா என்ற துணிவு.

மண்டபம் எங்கள் சங்கத்தினுடையது. சங்கத் தலைவருக்கு நான் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணை, உறவால் அல்ல, கூப்பிடும் முறையால். விசயத்தைச் சொன்னதும் அவருடைய கண் விரிந்தது. மண்டபத்துக்காக அல்ல.

"பக்கத்துப் பள்ளிக்கூடக்காரர் போன வருசம் முதற்குடி ஆக்களில ஒராளை மேடையில ஏத்தினவை. எங்களுக்குத்தான் ஒருத்தரும் ஆப்பிடேல்லை. தங்கச்சி, அவவை விழாவுக்குப் பிரதம விருந்தினராக் கூட்டிக்கொண்டு வாரும். ஹோலைப் பிறகு கதைப்பம். இறகு வைச்ச தொப்பியோட வருவாவோ?"

அவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினாள்.

"அது மரியாதைய உழைச்ச ஆக்கள் போடுறது. நான் உழைச்சது ஓவர்டைம் மட்டும்தான்."

அன்றைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் தன் பாட்டனின் தகப்பனான பூட்டனைப் பற்றிச் சொன்னாள். அவர்களுக்கென்று ஒதுக்கிய துண்டு நிலத்தை விட்டு வெளியே போக, அரசாங்கத்தின் அதிகாரி கையெழுத்து வைத்த பாஸ் வேண்டுமாம். அடுத்த ஊரில் மகளைப் பார்க்கவும் பாஸ், விளைந்ததை விற்கவும் அனுமதி. நானும் விடவில்லை. சண்டைக் காலத்தில் கொழும்புக்குப் போக இயக்கத்தின் பக்கம் ஒரு பாஸ், ஆமியின் பக்கம் ஒரு பாஸ், அதற்குப் பிணை வைக்க ஒரு மாமா என்று என் கதையைச் சொன்னேன். எந்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவது கடினம் என்று இரண்டு பேரும் போட்டி போட்டோம். பூட்டனின் அதிகாரி வென்றார்.

"பூட்டனை ஒருக்கா மறியல்லயும் போட்டவங்கள்" என்றாள்.

"என்ன செய்தவர்?"

"குடுத்தவர். ஒரு சடங்கில தன்ர குதிரையையும் போர்வையளையும் சனத்துக்குக் குடுத்தவர். அப்பிடிக் குடுக்கிறது அப்ப சட்டப்படி குற்றம்."

திருடியதற்குச் சிறையில் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொடுத்ததற்கு மறியலில் போட்ட அரசாங்கத்தைப் பற்றி அன்றுதான் கேட்டேன். சேர்த்து வைக்கத் தெரியாத சனம் முன்னேறாது என்று சட்டம் போட்டவர்கள் நினைத்தார்களாம். எங்கள் நிர்வாகசபை கேட்டிருந்தால் கைதட்டியிருக்கும்.

விழா நாள் வந்தது. அவள் கறுப்புச் சட்டையும் மணிகள் கோத்த தோடும் போட்டு வந்தாள். தொப்பி இல்லாததில் தலைவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் மைக்கைப் பிடித்தார். பரந்த மனத்தோடு இந்த ரொறன்ரோ மண்ணை எங்களுக்குத் தந்த தாயே என்று தொடங்கி, உங்கள் நிலத்தில்தான் எங்கள் பிள்ளைகள் வைத்தியர்களாகினார்கள் என்று உருகி முடித்தார். சபை கைதட்டியது. அவள் எழுந்தாள்.

"நான் சஸ்காச்சுவான். என்ர சனத்தின்ர இடம் இஞ்சயிருந்து மூண்டு நாள் ஓட்டம். இந்த இடத்துக்காரர் வேற ஆக்கள். நானும் உங்களை மாதிரி வந்து குடியிருக்கிறவள்தான். அவையைக் கண்டால் என்ர நன்றியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கோ."

மட்டக்களப்பார் ஒருவரை மேடையேற்றி, யாழ்ப்பாணத்தில் எங்களை இருக்க விட்டதற்கு நன்றி ஐயா என்று சொன்னது போலத்தான் நாங்கள் செய்திருந்தோம். ஒரு மட்டக்களப்பு அன்ரி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களுக்கு முதற்குடி என்றால் முதற்குடிதான், அதில் இந்த ஊர் அந்த ஊர் உண்டா. சாதி, ஊர், குறிச்சி, ஒழுங்கை எல்லாம் எங்களுக்கு மட்டுமே உரித்தானவை.

பிறகு தலைவர் பொன்னாடை போர்த்தினார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். கழற்றினாள். மேடையை விட்டு இறங்கிப் போய், மாலை முழுதும் எல்லாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரரின் தோளில் போர்த்திவிட்டாள். மரியாதை கிடைத்தால் அதைக் கையில் வைத்திருக்கக்கூடாது, உடனே கொடுக்கவேண்டும், அது அவர்கள் வழக்கம். அந்த மனிதர் கையில் வயரோடு எழுந்து நின்று அழுதுவிட்டார். படப்பிடிப்பாளர் இன்னும் தலைவரோடு சேர்த்து அவளைப் படம் எடுத்திருக்கவில்லை.

நாங்களும் கிடைத்த பொன்னாடையை மற்றவருக்குத்தான் போடுகிறோம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய், அலுமாரிக்குள் ஒரு வருடம் ஒளித்து வைத்து, மடிப்புக் குலையாமல் கொண்டுவந்து போடுவோம். எல்லாருக்கும் தெரிந்த இரகசியத்தை அவள் வெளிச்சத்தில் செய்துவிட்டாள். அதுதான் பிழை.

மண்டபத்தைப் பற்றித் தலைவரிடம் பல முறை கேட்டேன். பார்ப்பம் என்றார். பிறகு நிர்வாகசபை கூடட்டும் என்றார். உறவுகள் புறப்படும் வாரத்தில்தான் முடிவு வந்தது.

"தங்கச்சி, குறை நினையாதையும். செத்தவீட்டுச் சாப்பாடு. ஹோலுக்குள்ள சரஸ்வதி படம் இருக்கு. தீட்டு, துடக்கெண்டு சனம் கதைக்கும். அதோட கந்தசஷ்டி நேரம், மச்சம் மாமிசம் சமைக்கேலாது."

சங்கத்தின் விளையாட்டுப் போட்டி முடிந்த அன்று அதே சரஸ்வதிக்கு முன்னால் ஆட்டுக்கறியும் அதற்குத் துணையானதும் ஓடியதை நான் நினைவூட்டினேன்.

"அது வேற" என்றார்.

"நாடு முழுக்க அவையின்ர எண்டு மைக்கில சொல்லுறம். ஒரு மத்தியானத்துக்கு ஒரு கதவைத் திறக்க ஏலாதோ, அண்ணை?"

"அது நிகழ்ச்சி நிரல், தங்கச்சி" என்றார். மனிதர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த நாள் அவளிடம் சொன்னபோது மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் ஒரு சாரதியோடு தொலைபேசியில் சண்டை பிடித்து முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்களுக்கு வாக்குக் குடுத்துப்போட்டு மாத்தின முதல் ஆக்கள் நீங்கள் இல்லை" என்றாள். "அவையள் குதிரையில வந்து சொன்னவை. நீ றோல்ஸோட வந்திருக்கிறாய். அது பரவாயில்லை."

என் வீட்டுக் கராஜில் செய்வோம் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அன்று மாலை என் கணவர் துடக்கைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார், என் முகத்தைப் பார்த்தார், போய் அரிசி மூட்டைகளையும் பழைய சோபாவையும் ஓரத்துக்குத் தள்ளினார். அது அவருடைய சம்மதம்.

உறவுகள் இரண்டு வண்டிகளில் வந்தார்கள். மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அவளுடைய சித்தி என் தாச்சிச் சட்டியில் ரொட்டி பொரித்தார், நான் வைத்த சம்பலைத் தின்று கண்ணீர் விட்டார், மறுபடி கேட்டார். வாசப்புல்லைக் கொளுத்தினார்கள். சாம்பிராணி போடுகிறோம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலால் கும்பிட்டார். தம்பிக்கு முதல் தட்டு வைத்தபோது அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. சத்தமாக அழுதாள். நானும் அழுதேன், ஊரில் இறந்து, நான் இந்த நாட்டில் இருந்ததால் தட்டு வைக்க முடியாமல் போன ஆட்கள் எனக்கும் இருக்கிறார்கள்.

பிறகு கொடுக்கத் தொடங்கினாள். துவாய், காலுறை, தேயிலை, போர்வை. அங்கிளுக்கும் ஒன்று வேலிக்கு மேலால் போனது. கடைசியில் மிஞ்சியது நடுவில் பெரிய நட்சத்திரம் வைத்துத் தைத்த போர்வை, இருந்தவற்றில் நல்லது. அதைத் தலைவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

"உவருக்கோ? ஏன்?"

"என்னை மேடையில ஏத்தினவர். மிச்சம் அவரின்ர பாடு."

அடுத்த நாள் கொண்டுபோனேன். தலைவர் கதவைத் திறந்து, விசயத்தைக் கேட்டு, போர்வையை உடம்பில் படாமல் இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வீட்டுக்குள் கொண்டுபோகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. குளித்துவிட்டு எடுக்கலாமா என்று கேட்டார். தையலைப் பார்த்தார். கைவேலை என்று அவருக்கு விளங்கியது.

"இது நல்ல சாமான், தங்கச்சி" என்றார். "நாங்கள் திருப்பி ஏதும் குடுக்கவேணுமெல்லே? அவவுக்கு என்ன விருப்பமாம்?"

"அவ ஒண்டுதான் கேட்டவ, அண்ணை" என்றேன்.

நான் காரை எடுத்துக்கொண்டு திரும்பும்போதும் அவர் போர்வையோடு வாசலில்தான் நின்றார்.