பம்பாய்க்கு ஒன்பதேகால் மணி

1935-இல் ராஜபாய்க்கு இருபத்தொன்பது வயது. திருவனந்தபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோளம் நடத்தினாள். ஐரோப்பா படத்தைப் பார்க்காமலே போர்டில் போட்டுவிடுவாள். ஆனால் கொல்லத்துக்கு வடக்கே போனதில்லை.

பம்பாயில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்த்த சத்தியநேசன், லீவில் ஊருக்கு வந்தபோது அவளைச் சபையில் பார்த்தான். கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு எழுதி ஒன்றரை வருஷமாகிவிட்டது. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தாயார் தாசம்மாள் தனியாள். அம்மாவுக்கு ஒன்றென்றால் கடிதம் போய்ச் சேரவே நாலு நாளாகுமே என்று எழுதிப் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வருஷம் அக்டோபரில் பம்பாயிலிருந்து தபால் விமானம் சங்குமுகம் கடற்கரையில் இறங்கப்போவதாகச் சேதி வந்தது. ராஜபாய் படத்தில் நூலை வைத்து அளந்தாள். நேராக எழுநூற்றெண்பது மைல். மணிக்கு நூறு மைல். வழியில் இறங்கி எண்ணெய் ஊற்ற ஒன்றரை மணி. மொத்தம் ஒன்பதேகால் மணி. காலை ஆறுக்குக் கிளம்பினால் மூன்றேகாலுக்கு இங்கே.

வகுப்புப் பெண்கள் முப்பத்துநாலு பேரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். மூன்றேகால் ஆனது. மூன்றரையும் ஆனது. வானத்தில் பருந்துதான் சுற்றியது.

"டீச்சரே, வகுத்தது தப்பிப்போச்சோ?" என்றாள் ஒருத்தி.

மூன்று ஐம்பதுக்கு இன்னொருத்தி குதித்தாள். "அன்னா வருது!"

எல்லோரும் மணலில் ஓடினார்கள். டீச்சரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் எதிர்காற்று என்று விமானி சொன்னாராம். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்றை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் சத்தியநேசனின் கடிதம் வந்தது. 'இதையே ரயிலிலும் ஒன்று போட்டிருக்கிறேன். எது முந்துகிறது என்று பாருங்கள். அம்மாவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போதுதான் என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டே நாள்.'

விமானம் அடுத்த விடியலில் திரும்புகிறது. சாயங்காலம் ஐந்துக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். ராஜபாய் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என்னத்துக்கு மக்ளே என்னையப் பாக்க? எனக்கு எப்ப நோவு வரும்னு காத்துக்கிட்டா இருக்க? எழுதிப் போடு, போ!" என்றாள் தாசம்மாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு மேஜையிலேயே எழுதினாள்: 'சம்மதம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வாருங்கள். ரயிலே போதும்.' நாலே முக்காலுக்குத் தபாலாபீசில் மூச்சிரைக்க நின்றாள். ரயில் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. அதையும் புதிதாக வந்ததுபோலவே படித்தாள்.

டிசம்பரில் கல்யாணம். பம்பாய்க்கு ரயிலில்தான் போனார்கள்; உடம்பெல்லாம் கரி. தாதரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள் மறுபடி பூகோளம் நடத்தினாள். தாசம்மாள் வாரந்தோறும் ஆகாயத் தபாலில் எழுதினாள். நோவு என்று ஒரு வரி இருக்காது. பக்கத்து வீட்டு ஆடு முருங்கையைத் தின்ற கதைதான் இரண்டு பக்கத்துக்கு இருக்கும்.