நான் புரட்டிப் போட்ட பிள்ளை

காலை ஒன்பதே கால். பள்ளிக்கூடத்து முதல் மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதனால்தான் நேரம் மறக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, பாயில் கிடந்த மகள் பக்கத்தில் குனிந்து, அவள் இடுப்பில் இரண்டு விரல்களை வைத்து மெல்லப் புரட்டினேன்.

சற்று முன்புதான் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு கொழுக்கட்டை வந்திருந்தது. பிள்ளை முதல் தடவை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்து நாலு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். அந்த வீட்டுப் பையனும் எங்கள் மகளும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அவன் பத்து மாதமும் நிறைந்து பிறந்தவன். இவள் எட்டாம் மாதத்தில் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று தெருவில் பேசியது என் காதுக்கும் வந்தது. தங்கினாள். ஆனால் ஐந்து மாதமாகியும் மல்லாந்து உத்தரத்தையே பார்த்துக் கிடந்தாள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை.

வகுப்பில் தயங்கி நிற்கும் பிள்ளைக்கு முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்போம் அல்லவா? பாதி புரட்டினால் மீதியை அவளே செய்துவிடுவாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. முழுவதும் நானே புரட்டினேன். கன்னம் பாயில் அமுங்கக் கிடந்தாள், தலையைத் தூக்கவில்லை. திருப்பிப் போட நான் கையை நீட்டும்போது, தட்டை வாங்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

"ஏட்டி, கிணத்தடியில என்ன செய்யுதே? ஓடி வா! உம் மவ கமந்துட்டா!"

என் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். "நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன்.

அன்றே அரிசி ஊறப் போட்டாள். மறுநாள் கொழுக்கட்டைத் தட்டோடு போய்த் திரும்பியவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எட்டா மாசம்னு சொன்ன வாயிலயே முதக் கொழுக்கட்டையப் போட்டுட்டு வந்தேன்." எனக்கும் ஒன்று கொடுத்தாள். தின்றேன்.

நாள் முந்திப் பிறந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மாதாமாதம் வீட்டுக்கே வந்து பார்ப்பாள். விரிப்பில் கிடத்தி, இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கி, தலை கூட வருகிறதா என்று கவனிப்பாள். முன்னால் வளையலை ஆட்டி எந்தக் கை நீளுகிறது என்று பார்ப்பாள். அந்த மாதம் அவள் வந்தபோது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே இருந்தது. எதுவும் செய்ய முடியவில்லை.

"கமந்தாளா?" என்று கேட்டாள் நர்ஸ்.

நான் வாயைத் திறக்குமுன் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "நல்லாக் கேட்டிய! கொழுக்கட்ட தின்னு எங்களுக்குச் செமிச்சே போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். "தானாட்டா கமந்தா, சாரே?"

"ஆமா."

"வாத்தியாரு சொன்னா எழுதிக்கிடலாம்." எழுதினாள். "அப்பம் இனி மாசாமாசம் வரண்டாம். நாலு மாசம் கழிச்சு வாறேன். இதவிடச் சீணம் பிடிச்ச பிள்ளைக வேற நெறைய இருக்கு."

உண்மையிலேயே பிள்ளை குப்புற விழுந்தது ஏழாம் மாதத்தில். பெரிய முயற்சி அது. முகம் சிவக்கத் திணறி, ஒரு பக்கமாக மட்டும் விழுந்தாள். நான் ஒருவன்தான் பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டேன். "இதென்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிறகு வலது கையைக் கவனித்தேன். அது விரியவே இல்லை. கட்டைவிரல் உள்ளே மடங்க, எப்போதும் மூடியே இருந்தது. எதைக் கொடுத்தாலும் இடது கைதான் வாங்கியது. "எங்கப்பாவும் இடக்கைதான்" என்று மனைவி பெருமைப்பட்டாள். குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே நூலும் புளித்த பால் வாடையும். மலையாள ராஜ்யமா தமிழ் ராஜ்யமா, நாம் எதோடு சேருவோம் என்று ஊரே வாதாடிய காலம். எனக்கு அந்த ஐந்து விரல்களைத் தவிர வேறு நினைப்பில்லை.

வருஷங்கள் கழிந்து இன்று அவள் அந்தக் கையால் கதவுச் சங்கிலியைப் பிடிக்கிறாள். பிடித்ததை விட முடியாமல் நிற்கிறாள். வலது காலை இழுத்துத்தான் நடை. நர்ஸ் வராமல் போன அந்த மாதங்களில் வந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

அவளுக்கு எட்டு மாதம் முடிந்தபோது, கடைசியில் வகுப்பறையில் உட்கார்ந்து நர்சுக்குக் கடிதம் எழுதினேன். குப்புற விழுந்தது அவள் அல்ல, புரட்டியது நான் என்று எழுதினேன். மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆரல்வாய்மொழி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆடிக் காற்றில் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நர்ஸ் வந்தாள். விரிப்பில் பிள்ளையை உட்காரவைத்து வளையலை நீட்டினாள். இடது கை வந்தது. அந்தக் கையைத் தன் கையால் மெல்லப் பொத்திக்கொண்டு மறுபடி நீட்டினாள். வலது கை வந்தது, மூடியபடியே. வளையலை இடித்தது. அது உருண்டு போயிற்று.

"இந்தக் கைய தினமும் நீவி விரிக்கணும், அம்மா. விடாம செய்யணும்."

"எதுக்கு?" என்றாள் என் மனைவி. "எம் பிள்ள அஞ்சு மாசத்துலயே கமந்தவளாக்கும். இடக்கைக்காரி, அவ்வளவுதான். நல்ல பிள்ளயப் பிடிச்சு நோயாளி ஆக்காண்டாம்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "சாரே, பிறந்த நாளுல இருந்து எண்ணப்பிடாது. பிறக்க வேண்டிய நாளுல இருந்து எண்ணணும். அப்படி எண்ணினா அவளுக்கு அண்ணைக்கு மூணு மாசம்தான். கமழாததுல ஒரு கொறயும் இல்ல." சற்று நிறுத்தினாள். "இந்தக் கை அப்படி இல்ல."

அவள் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். என் மனைவி காகிதத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா நம்பி விரிக்காம இந்தக் கை விரியாது" என்றாள் நர்ஸ். "இத நீங்க வாசிக்கியளா சாரே, இல்ல நான் வாசிக்கட்டா?"